நஞ்சில்லாச் சோறு எங்களுக்கும் வேண்டும்



கையில் கொஞ்சக் காசு இருந்தாலும் சேதன மரக்கறி வாங்கிச் சாப்பிடலாம் என்று இப்போது பலரும் புத்தி சொல்கிறார்கள். வானொலியில் சொல்கிறார்கள். பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் எழுதுகிறார்கள். லயத்துக்குச் சுகாதார வகுப்பு நடத்த வருகிறவர்களும் சொல்கிறார்கள். பருவத்தில் விளைவதை வாங்குங்கள், சந்தை கலைகிற நேரத்தில் போங்கள், வீட்டு முற்றத்தில் நாலு செடி வையுங்கள் என்பது அவர்கள் பேச்சு.

அந்தப் புத்திமதியில் பொய் இல்லை. அதில் பாதியை எங்கள் பாட்டிமார் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார்கள். ஆனால் எந்தக் காசில் வாங்குவது, எந்த முற்றத்தில் வைப்பது என்று நாங்கள் கேட்டால் பதில் வருவதில்லை. ஹல்துமுல்லைத் தோட்டங்களில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஏனென்றால், இலங்கையில் சேதனத் தேயிலை வேர்விட்ட இடமே எங்கள் மலைதான். 1980களின் பிற்பகுதியிலேயே இதல்கஸ்ஹின்னைப் பக்கத்தில் இரசாயனப் பசளையும் களைகொல்லியும் இல்லாமல் தேயிலை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவின் கடைகளில் சேதன முத்திரையோடு நல்ல விலைக்கு விற்கிற தேயிலையைக் கிள்ளிக் கொடுத்தவை இந்தப் பகுதிப் பெண்களின் விரல்கள். அந்த விரல்கள் சமைக்கிற சட்டியில் சேதன மரக்கறி எத்தனை நாள் வெந்தது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேல் 350 ரூபாய் உற்பத்தி ஊக்குவிப்பு என்று பேசினார்கள். அது கைக்கு வந்ததா என்பதை அவரவர் சம்பளச் சீட்டே சொல்லும். அந்தச் சம்பளத்தில் மாதத்தில் 25 நாளும் வேலை கொடுத்து, 25 நாளும் முழுப்பேர் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 33,750 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபாய் கழியும். மிச்சம் 31,050. சந்தா, கடன், முற்பணம் எதுவும் பிடிக்காவிட்டால்தான் இதுவும்.

ஐந்து பேருள்ள குடும்பத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்தால் ஒரு நாளைக்கு 1,035 ரூபாய். தலைக்கு 207 ரூபாய். இதற்குள் அரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய், எண்ணெய், பிள்ளையின் கொப்பி, பஸ் காசு, மருந்து, லைட் பில் எல்லாம் அடங்க வேண்டும். இருவர் வேலை செய்தாலும் தலைக்கு 414 ரூபாய்தான். 25 நாள் வேலை கிடைக்காத மாதத்தில், கிலோ குறைந்து அரைப்பேர் விழுகிற நாளில், இந்தக் கணக்கும் நிற்காது. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பண்டாரவளைக் கடையில் சான்றிதழ் ஒட்டிய கரட்டைப் பொறுக்கச் சொல்வது அறிவுரையா, கேலியா?

இதன் விளைவு எங்கள் பிள்ளைகளின் உடம்பில் எழுதியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 வீதம். எங்கள் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று. அதற்குப் பிறகுதான் 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ரொட்டியும் சம்பலும்கூட இரண்டு நேரமாகச் சுருங்கிய அந்த மாதங்களை யாரும் மறக்கவில்லை.

நஞ்சு முதலில் யார்மீது விழுகிறது?

எங்கள் தோழர்கள் சிலர், "சேதனம் பணக்காரர் பேச்சு, நமக்கு வயிறு நிறைந்தால் போதும்" என்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவை ஏற்க முடியாது. நஞ்சைப் பற்றிப் பேச எங்களை விட உரிமை உள்ளவர் யார்?

தோளில் தாங்கியைக் கட்டிக்கொண்டு மலையில் மருந்தடிப்பவர் எங்கள் ஆள். முகமூடி இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் துவாயைக் கட்டிக்கொண்டு அடிப்பார். மருந்து பட்ட சட்டையை அதே பீலியில் துவைப்பவர் எங்கள் தாய். பரகுவட் என்ற களைகொல்லி எத்தனை உயிரைக் குடித்தது என்பது மலையக வீடுகளுக்குத் தெரியும். 2008க்கும் 2011க்கும் இடையில் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். அதாவது, நெல் வயலுக்கு ஆகாது என்ற மருந்து தோட்டத்துக்கு ஆகும் என்றார்கள். வயலில் நிற்கிறவன் மனிதன் என்றால், தேயிலைக்குள் நிற்கிறவன் யார்?

ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தேயிலையில் எந்த மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கலாம் என்று எல்லை வைத்திருக்கின்றன. அதற்கு மேல் போனால் சரக்கு திரும்பி வரும். ஆகவே தேயிலையைச் சோதிக்கிறார்கள். தேயிலைத் தூளுக்குச் சோதனை உண்டு. அந்தத் தேயிலைக்கு மருந்தடித்தவரின் இரத்தத்தை யார் சோதிக்கிறார்கள்? குடிப்பவரின் உடம்புக்கு இருக்கிற மரியாதை உழைப்பவரின் உடம்புக்கு இல்லை.

மரக்கறியும் அப்படித்தான். வெலிமடையிலும் நுவரெலியாவிலும் விளைகிற கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்குக்கு எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள் என்பது அங்கே கைக்காசுக்கு வேலைக்குப் போகிற எங்கள் இளைஞர்களுக்குத் தெரியும். மருந்தடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பிடுங்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கிறது. சந்தையில் விலை ஏறினால் அந்த எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? அதைச் சிறு விவசாயியின் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன்காரனும் இடைத்தரகனும் கழுத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்? ஆனால் மருந்து கடைசியில் இறங்குவது எங்கள் பிள்ளையின் வயிற்றில்.

2021ஐச் சாட்சிக்குக் கூப்பிடுவோம்

"சேதனம்" என்ற சொல்லையே மக்கள் வெறுக்கும்படி செய்தது 2021. அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை, விவசாய இரசாயன இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நாடே ஒரு போகத்துக்குள் சேதன விவசாயத்துக்கு மாறிவிடும் என்றார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சேதனச் சான்றிதழ் கொடுப்பதற்கே ஐரோப்பிய விதிப்படி மூன்று வருடம் மாற்றக் காலம் வேண்டும். மண் பழக வேண்டும், கூட்டெரு சேர வேண்டும், வேலை முறை மாற வேண்டும். மூன்று வருட வேலையை ஒரு கையெழுத்தில் முடிக்கப் பார்த்தார்கள்.

பசளைக்குப் பதிலாகச் சீனாவிலிருந்து கப்பலில் சேதனப் பசளை வந்தது. அதன் மாதிரியில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருக்கிறது என்று எங்கள் நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். கப்பல் இறக்காமலே போனது. ஆனாலும் பல இலட்சம் டொலர் கொடுத்தாயிற்று. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் மலை மஞ்சளித்துவிட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கியது.

அந்தக் குறைந்த 5 கோடி கிலோவின் பாரத்தைத் தூக்கியது யார்? அதே 2021இல்தான் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கிலோக் கணக்கை ஏற்றினார்கள். பசளை இல்லாமல் கொழுந்து குறைந்தது, களை இடுப்பளவு வளர்ந்தது, அட்டையும் குளவியும் கூடின, ஆனால் தராசு மட்டும் இறங்கவில்லை. கிலோ வரவில்லை என்று அரைப்பேர் போட்டார்கள். ஜனாதிபதியின் சேதனக் கனவுக்கு எங்கள் தாய்மார் அரைநாள் கூலியைக் கொடுத்தார்கள்.

இதிலிருந்து படிக்க வேண்டிய பாடத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். தொழிலாளியையும் விவசாயியையும் கேட்காமல், கால அவகாசமும் காசும் கொடுக்காமல் மேலிருந்து போட்ட கட்டளை தோற்றது. அந்தத் தோல்வியைக் காட்டி, "பார்த்தீர்களா, நஞ்சில்லாமல் எதுவும் விளையாது" என்று கம்பெனிகள் பேசுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். இதல்கஸ்ஹின்னைப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக விளைந்தது எப்படி? ஆற அமர, ஆள் போட்டு, கையால் களை பிடுங்கி, எருப் போட்டு விளைவித்தார்கள். சேதனத்துக்கு உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு. ஆகவே சேதன மலையில் கிலோ இலக்கு குறைய வேண்டும், கூலி கூட வேண்டும். விலை அவர்களுக்குக் கூடி, இலக்கு எங்களுக்கு அப்படியே இருந்தால், சேதனத்துக்குக் காசு கட்டுவது வெளிநாட்டுக்காரர் மட்டுமல்ல, நாங்களும்தான்.

முற்றம் எங்கே?

இப்போது "வீட்டுத் தோட்டம் போடுங்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். லயத்து வாசலிலிருந்து கானுக்கு எத்தனை அடி? அதற்குள் கோழிக்கூடு, விறகு, துணி காயப்போடும் கொடி. லயத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கிற மண்ணில் நாலு போஞ்சிக் கொடி ஏற்றினால், "தோட்டத்துக் காணியில் யாரைக் கேட்டு நட்டாய்?" என்று கேள்வி வருகிறது. தேயிலை செத்துக் காடாகிப்போன மலைகள் பல தோட்டங்களில் கிடக்கின்றன. அங்கே பன்றி உழலாம், தொழிலாளி மண்வெட்டி போடக் கூடாது.

அந்த நிலம் யாருடையது? 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசு எடுத்தது. 1992இல் 22 கம்பெனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்து, பிறகு நீண்டகாலக் குத்தகையாக்கினார்கள். கம்பெனி அங்கே குத்தகைக்காரர். இருநூறு வருடமாக அந்த மண்ணில் உழைத்தவருக்குப் போஞ்சி நட அனுமதி இல்லை என்று சொல்வதற்குக் குத்தகைக்காரருக்கு எப்படி வாய் வருகிறது?

ஹல்துமுல்லையில் நிலம் என்றால் மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போவதற்கு இடம் கொடுக்கவில்லை. சொந்தக் காணி இல்லாதவன் ஆபத்திலிருந்து ஒதுங்கவும் முடியாது, பாதுகாப்பான இடத்தில் ஒரு வாழைக்கன்று வைக்கவும் முடியாது. பிறகு தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு, மலசலகூடம், வழி போக மிஞ்சுவதில் குடும்பத்துக்கான கீரையும் மிளகாயும் விளையும். அந்த 7 பேர்ச்சஸும் எங்கள் மக்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

அதுவரை என்ன செய்வது?

போராட்டம் ஜெயிக்கும்வரை பிள்ளை பசியோடு இருக்காது. ஆகவே எங்களால் இன்றைக்கே முடிந்ததையும் சொல்கிறோம்.

"சேதனம்" என்று வாயால் சொல்கிறவருக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். விவசாயத் திணைக்களம் கொடுக்கிற நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் சேதனச் சான்றிதழ் அல்ல. ஆனால் மருந்தை அளவோடு, உரிய இடைவெளி விட்டுப் பாவித்திருப்பதற்கு அது ஒரு ஆதாரம்.

காசு குறைவென்றால் முத்திரையைத் தேட வேண்டாம், மரக்கறியைத் தெரிந்து எடுங்கள். பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி, வாழைப்பூ, முருங்கை இலை, பூசணி போன்றவற்றுக்குப் பொதுவாக மருந்து குறைவு. கோவா, லீக்ஸ், தக்காளி, போஞ்சிக்கு அதிகம். எங்கள் பகுதிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மேலே ஹப்புத்தளைக் குளிர், கீழே கொஸ்லந்தைச் சூடு. இரண்டு பக்கத்து விளைச்சலும் எங்கள் பாதையால்தான் போகிறது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களின் வளவுகளில் பலாவும் வாழையும் மிஞ்சுகிறது. பத்துக் குடும்பம் சேர்ந்து காசு போட்டு அவர்களிடம் நேராக வாங்கினால் தரகுக் காசு மிஞ்சும், அவர்களுக்கும் நல்ல விலை கிடைக்கும். அவர்களும் எங்களைப் போல உழைப்பவர்கள்தான்.

கீழ்மலையில் ஒக்டோபர் மழையோடு விதை போடுங்கள். பழைய பசளைப் பையில் மண்ணும் சாணமும் சமையல் கழிவும் போட்டால் மிளகாய், கீரை, கத்தரி வரும். ஆனால் பூச்சிமருந்து, களைகொல்லி வந்த போத்தலையும் வாளியையும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். போஞ்சி, பூசணி விதையை எடுத்து வைத்து ஒருவருக்கொருவர் கொடுங்கள். செங்குத்துச் சரிவில் காட்டை வெட்டி மண்ணைத் திறக்காதீர்கள், கானை அடைக்காதீர்கள். மலை எப்படிப் பழிவாங்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தாலும் இது ஒட்டுப் போடுகிற வேலைதான். கிழிந்ததைத் தைக்கலாம், துணியே இல்லாததைத் தைக்க முடியாது.

நாங்கள் கேட்பது

ஒன்று, லயத்தைச் சுற்றியுள்ள நிலத்திலும் கைவிடப்பட்ட தேயிலை நிலத்திலும் உணவுப் பயிர் செய்யும் உரிமையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். துரை மாறினால் மாறுகிற வாய்ச்சொல் வேண்டாம்.

இரண்டு, சேதனத் தேயிலை பயிரிடும் தோட்டங்களில் கிலோ இலக்கைக் குறைக்க வேண்டும். சேதன முத்திரைக்காகக் கிடைக்கும் மேலதிக விலையில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். கணக்கைச் சங்கங்களுக்குக் காட்ட வேண்டும்.

மூன்று, மருந்தடிப்பவர்களுக்கு முழுப் பாதுகாப்பு உடையும், கம்பெனிச் செலவில் முறையான வைத்தியப் பரிசோதனையும் வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் மருந்தடித்த மலைக்குப் போகக் கூடாது, அதற்காகப் பேர் வெட்டவும் கூடாது.

நான்கு, பிள்ளை மடுவங்களில் தினமும் புதிய கீரையும் மரக்கறியும் சேர்ந்த ஒரு நேரச் சாப்பாடு வேண்டும். மடுவத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தோட்டம் போட நிலம் வேண்டும்.

ஐந்து, விலைவாசியோடு ஏறுகிற சம்பளம் வேண்டும். மற்ற நாலும் இதன்மீதுதான் நிற்கும்.

தோழர்களே! நல்ல சாப்பாடு காசுள்ளவர் பழக்கம் என்று யாரும் எங்களை நம்பவைக்க விடக்கூடாது. இந்தத் தீர்மானங்களை அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள். மாதர் சங்கத் தலைவிகள் முன்னால் உட்காருங்கள், ஏனென்றால் சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள்தான். உங்கள் டிவிஷனில் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது, எத்தனை பேர் மருந்தடிக்கிறார்கள், எத்தனை பேருக்கு முகமூடி இருக்கிறது என்று எண்ணி, கையெழுத்து வாங்கி, சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கோடுதான் நிர்வாகத்தின் மேசைக்குப் போகப் போகிறோம்.

உலகத்துக்கு நஞ்சில்லாத் தேநீர் கொடுத்த கைகளுக்கு நஞ்சில்லாச் சோறு வேண்டும். அது கிடைக்கும்வரை ஓய மாட்டோம்!